ஒரு படைவீரனின் தாள்களைப் பிரிக்காதீர்கள்

அவைத்தலைவர் அவர்களே, சேகரிப்பாள நண்பர்களே, வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய ஜெர்மானியப் படைவீரன் ஒருவனுடைய தாள்கட்டு விலைக்கு வந்தால், பதக்கச் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடும் வழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அவ்வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் தரைப்படையை ஒரு லட்சம் பேருக்குள் அடக்கிக் கட்டாய ராணுவச் சேவையைத் தடை செய்திருந்தது. 1935 மார்ச் 16 அன்று ஹிட்லர் அரசு அத்தடையை மீறிக் கட்டாய ஆள்சேர்ப்பை மீண்டும் கொண்டுவந்தது. உரிய வயதை எட்டிய இளைஞனை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்து, தகுதியுடையவன் என்று கண்டால் 'வேர்பாஸ்' என்னும் சேவைக் கையேட்டைக் கொடுத்தார்கள். பின்னர் அழைப்பாணை பெற்று அவன் படையில் சேர்ந்ததும் அக்கையேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டிய 'ஸோல்ட்பூக்' என்னும் சம்பளப் புத்தகத்தைத் தந்தார்கள். அவன் போரில் மாண்டால் வேர்பாஸ் குடும்பத்தாரிடம் சேரும். இரண்டு ஏடுகளும் வெவ்வேறு வழியே போனதால், ஒரே ஆளின் இரண்டும் ஒருசேரக் கிடைப்பது எளிதன்று. அழைப்பாணையோ ஒற்றைத் தாள். தொலைவதற்கென்றே பிறந்தது போன்றது.

ஒரு ஸோல்ட்பூக்கைத் திறந்து பாருங்கள். முதல் பக்கத்தில் பதவி உயர்வுகள் தேதியோடு ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்; இரத்தப் பிரிவும் அங்கேயே இருக்கும். உள்ளே தடுப்பூசி, மருத்துவமனையில் தங்கிய நாட்கள், கொடுக்கப்பட்ட உடுப்பு என்று வரிசையாகப் பதிவுகள் வரும். ஆண்டுக்கணக்கில் பல எழுத்தர்கள் எழுதியிருக்க வேண்டிய இவை யாவும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தால் ஏடு போலியாக இருக்கலாம்; பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தாள் புற ஊதா விளக்கில் நீலவெண்மையாகப் பளிச்சிட்டாலும் அப்படியே. அந்தப் பளபளப்புக்கான வேதிப்பொருள் தாளில் பரவலாகச் சேர்க்கப்பட்டது போருக்குப் பிறகுதான்.

படைப்பிரிவுகளைக் குறித்திருக்கும் பக்கமே எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. பிரிவின் பெயரையும் தேதியையும் கொண்டு, அம்மாதம் அப்பிரிவு எங்கே நின்றது, அங்கே யூதர்களும் ஊர்மக்களும் கொல்லப்பட்டார்களா என்று தேட முடியும். அந்தத் தேடலைச் செய்யாமல் இவற்றைக் கண்ணாடிப் பேழையில் வீரச்சின்னமாக அடுக்குவதற்கு நான் உடன்பட மாட்டேன். அட்டையில் கழுகோடு நாஜிச் சின்னமான ஸ்வஸ்திகா இருப்பதையும் மறக்க வேண்டாம். ஜெர்மனியில் ஆய்வு, கல்வி போன்ற காரணமின்றி அதைப் பொதுவில் காட்டுவது குற்றம் என்பதால், வணிகர்கள் படங்களில் அதை மறைத்தே வெளியிடுகிறார்கள்.

வீரர்களைப் பற்றிய தகவல் திரட்டப் பெர்லினில் 1939-இல் தொடங்கப்பட்ட அலுவலகத்தின் ஆவணங்கள், 2019 முதல் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. உங்களிடமுள்ள ஏட்டை அங்குள்ள பதிவோடு ஒப்பிட வேண்டுமானால், பெயர், பிறந்த தேதி, வீரன் அணிந்திருந்த உலோக அடையாள வில்லையின் எண் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டு யாரிடமிருந்து வந்தது என்பதைத் தனித் தாளில் எழுதி அதனுடனேயே வையுங்கள். விற்க நேர்ந்தாலும் முழுக் கட்டாகவே விற்றுவிடுங்கள்.