ஆறில் ஒரு பங்கு மெதுவான மாரியோ

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் இதே மேடையில் புறநானூறு பேசினார்கள். இந்த மாதம் டிவி கேம் என்றதும் வாசகர் வட்டத்தில் ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆனால் பின்வரிசையில் நாற்பது வயதைத் தொட்ட நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது... அப்புறம்?

கேட்டீர்களா? "பி, ஏ" என்று குரல் வந்துவிட்டது. பதினாறாம் வாய்ப்பாடு மறந்திருக்கும், இது மறக்கவில்லை. கான்ட்ரா என்ற சுடும் கேமில், இந்த வரிசையில் பட்டன்களை அழுத்தினால் முப்பது லைஃப் தரும் மந்திரம் இது. முதலில் வந்தது வேறு கேமில். 1986இல் கிராடியஸ் என்ற விண்வெளிக் கேமை டிவியில் மாட்டி ஆடும் வீட்டுப் பெட்டிக்கு மாற்றிய கஸுஹிசா ஹஷிமோட்டோவால், தானே செய்த கேமைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு ஆடி முடிக்க முடியவில்லை. தனக்கென்று ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். அது அப்படியே விற்பனைக்கும் போய்விட்டது. 2020இல் அவர் இறந்தபோது உலகம் முழுக்க அஞ்சலி எழுதியவர்கள் இந்தப் பத்து பட்டன்களைத்தான் எழுதினார்கள்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். 1996 கோடை விடுமுறை. சென்னைக்குப் போய்வந்த சித்தப்பா பர்மா பஜாரிலிருந்து ஒரு பெட்டி வாங்கிவந்தார். வெள்ளையும் சிவப்புமாக ஒரு மிஷின், இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருந்தது. விடுமுறை முழுக்க எண்ணிப் பார்த்தோம், முப்பதைத் தாண்டவில்லை. ஓடிக் குதிக்கும் அதே மாரியோ கேம் முதல் கட்டத்திலிருந்து ஒரு முறை, மூன்றாவது கட்டத்திலிருந்து ஒரு முறை என்று வேறு வேறு நம்பரில் வந்துகொண்டே இருந்தது. புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் யாரும் அதை ஏமாற்று என்று சொல்லவில்லை.

ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகி, சேனலைத் திருகிக்கொண்டே போனால் புள்ளிமழைக்கு நடுவே ஒரு படம் நிற்கும். நிற்காவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதுவோம். ஊதியதால் எந்தப் பயனும் இல்லை, கழற்றி மறுபடி செருகியதால்தான் வேலை செய்தது என்பதெல்லாம் இப்போது தெரிகிறது. எச்சில் ஈரம் பட்டுப் உலோக முனைகள் கறுத்ததுதான் மிச்சம். ஆனால் அப்போது, அவன் ஊதினால் ஓடும் என்று தெருவுக்கே ஒருவன் இருந்தான். கைராசி டாக்டர் மாதிரி அவனைக் கூட்டிவருவோம். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை சமையலறையிலிருந்து "பிக்சர் ட்யூப் போயிடும்டா" என்று அம்மாவின் குரல் வரும். ட்யூப் போகவில்லை. அடாப்டர்தான் இரண்டு முறை புகைந்தது.

அந்தப் பெட்டி நகல் என்பது எங்களுக்குத் தெரியாது. மூலம் ஜப்பானில் நிண்டெண்டோ 1983இல் விற்பனைக்கு விட்ட ஃபேமிகாம். சூப்பர் மாரியோ வந்தது 1985 செப்டம்பரில். அந்தக் கேம் முழுவதும் 40 கிலோபைட். காலையில் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும் ரோஜாப்பூ குட்மார்னிங் படம் இதைவிடப் பெரிதாக இருக்கும். இடம் போதாமல் அவர்கள் செய்த சிக்கனத்தைப் பாருங்கள். வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் நிற்கும் புதரும் ஒரே படம்தான். ஒன்றுக்கு வெள்ளை, ஒன்றுக்குப் பச்சை. நான் இதைத் தெரிந்துகொண்டது முப்பது வயதுக்குமேல். அன்றைக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

எழுத்து தேவைப்படாத கேம் அது. நாங்கள் யாரும் எந்தக் கையேட்டையும் பார்த்ததில்லை. தொடங்கும்போது மாரியோ இடது ஓரத்தில் நிற்பான், வலப்பக்கம் வெறும் வெளி. எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச தூரத்தில் முறைத்துக்கொண்டு ஒன்று நடந்துவரும், அதில் மோதினால் செத்துப்போவோம். அடுத்த முறை குதிப்போம். பிறகு கேள்விக்குறிக் கட்டியை முட்டினால் காளான் வரும். முதல் ஆளைப் போலவே இருப்பதால் பயந்து ஓடுவோம். அதுவோ குழாயில் முட்டித் திரும்பி நம்மிடமே வரும். தப்பிப்பது கஷ்டம். பட்டதும் மாரியோ பெரியவனாகிவிடுவான். வேண்டுமென்றே இப்படி அமைத்ததாக அதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவே விளக்கியிருக்கிறார். எனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர்களுக்குக்கூட இவ்வளவு பொறுமை இருந்ததில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். சில வருஷம் முன்னால், ஒரிஜினல் மாரியோவை அப்படியே கம்ப்யூட்டரில் ஆடலாம் என்று ஒரு நண்பர் போட்டுக் காட்டினார். எனக்குக் கை ஓடவில்லை. குதிக்க வேண்டிய இடத்தில் குழிக்குள் விழுந்தேன். பாட்டும் ஏதோ கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போவது மாதிரி ஓடியது. "வேகத்தைக் கூட்டி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். வயசாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

வயசு காரணம் இல்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அந்தக் கால டிவி நொடிக்கு 60 முறை திரையை வரையும். நம் நாட்டு டிவி 50 முறை. அந்தக் கேம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. திரை ஒரு முறை வரையப்பட்டால் மாரியோ ஒரு அடி, பாட்டு ஒரு துளி நகரும். ஜப்பானுக்கு எழுதிய கேமை அப்படியே நகலெடுத்து நம் டிவிக்கு ஏற்ற பெட்டியில் போட்டு விற்றார்கள். வேகத்தைத் திருத்த யார் மெனக்கெடுவார்கள்? அங்கே 10 நொடியில் முடியும் ஓட்டம் இங்கே 12 நொடி. ஒசாகாவில் ஒரு பையன் ஆடிய மாரியோவைவிட எங்கள் தெரு மாரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவானவன்.

ஏட்டுச்சுவடி படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. உ.வே.சா. ஒரு நூலைப் பதிப்பிக்க ஊர் ஊராகப் போய்ப் பல பிரதிகளைத் தேடினாரே, எதற்கு? ஒரு வீட்டு ஏட்டில் இருப்பது இன்னொரு வீட்டு ஏட்டில் இராது. பாடபேதங்களை ஒதுக்கித் தள்ளாமல் குறித்தும் வைத்தார். எங்கள் மாரியோ ஒரு பாடபேதம். நிண்டெண்டோ தன் மூலத்தைப் பத்திரமாக வைத்துப் புதுப்புதுப் பெட்டியில் மறுபடி மறுபடி விற்றுக்கொண்டிருக்கிறது. நம் மஞ்சள் கேசட்டுகள் பெரும்பாலும் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன. அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் கேசட்டில் பாதி கேம் குப்பை. ஒரு லைஃப் போனால் ரிமோட்டைக் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்துக்காக அத்தை மகன் என் கையைக் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த மாரியோ அந்தக் குப்பைக்குள்தான் இருந்தான்.

துப்பாக்கியைச் சொல்லாமல் முடிக்க முடியாது. வாத்து சுடும் கேம். எங்கள் அப்பத்தா ஆடிய ஒரே கேம். முதல் நாள் அப்பத்தா சுட்டபோது ஒரு வாத்தும் விழவில்லை. புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "எடுபட்ட நாயி, என்னய பாத்தா சிரிக்கிற?" என்று முக்காலியை டிவிக்கு ஒரு முழ தூரத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதன்பிறகு வாத்துகள் விழுந்துகொண்டே இருந்தன.

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே வராது. அதன் மூக்கில் இருப்பது ஒளியை உணரும் கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். இருட்டுக்குப் பின் சரியான நேரத்தில் வெளிச்சத்தைப் பார்த்தால் குறி சரி. மிஷின் படத்தை அனுப்பும் அதே கணத்தில் திரை ஒளிர்ந்தால்தான் இது நடக்கும். பழைய ட்யூப் டிவி அப்படித்தான் ஒளிரும். இன்றைய டிவி படத்தை வாங்கிச் சரிபார்த்துச் சற்றுத் தாமதமாகக் காட்டுகிறது. அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது.

போன பொங்கலுக்கு ஊர் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது பெட்டி கிடைத்தது. மஞ்சள் கேசட்டும் அதிலேயே இருந்தது. மகளுக்காக ஹாலில் இருக்கும் புது டிவியில் மாட்டினேன், ஓடியது. அவள் சுட்டாள், வாத்து பறந்துபோனது. கிட்டே போய்ச் சுட்டாள். கடைசியில் துப்பாக்கியைத் திரையிலேயே வைத்து அழுத்தினாள். "அப்பா, இந்த நாய் எதுக்குச் சிரிக்குது?" என்று கேட்டாள். அப்பத்தா சொன்ன அதே வார்த்தை என் வாயில் வந்துவிட்டது.