காற்றில் கலந்த மீத்தேன் எங்கிருந்து வந்தது?

நேயர்களே, வணக்கம். சதுப்பு நிலத்தில் குமிழியிடும் மீத்தேனும் எரிவாயுக் குழாயில் கசியும் மீத்தேனும் ஒரே மூலக்கூறுதான். காற்றில் கலந்துவிட்ட பிறகு அவற்றைப் பிரித்துச் சொல்ல உதவுவது கார்பன்-13. கார்பன் அணுக்களில் நூற்றுக்குச் சுமார் ஒன்று இந்தக் கனமான ரகம். ஒரே தனிமத்தின் இப்படி எடை மாறும் ரகங்களை ஐசோடோப்பு என்பார்கள்.

சேற்றிலும் மாட்டின் இரைப்பையிலும் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் இலேசான கார்பன்-12ஐத்தான் எளிதாகக் கையாளும். அதனால் அவை விடும் வாயுவில் கார்பன்-13 குறைவு. பொது அளவுகோல் ஒன்றை வைத்து, ஆயிரத்துக்கு எத்தனை பங்கு குறைகிறது என்று சொல்வது வழக்கம். நுண்ணுயிர் மீத்தேன் சராசரியாக மைனஸ் 62. புதைபடிவ எரிபொருள் மைனஸ் 45க்குப் பக்கம். காடும் வைக்கோலும் எரிந்து வருவது மைனஸ் 22ஐ ஒட்டி. இன்றைய காற்று மைனஸ் 47 சொச்சம்.

காற்றை ஒருமுறை பிடித்து அளந்தால் மூலம் தெரிந்துவிடாது. செறிவு 1900 பிபிபி (நூறு கோடியில் 1900 பங்கு) உள்ள சாதாரணக் காற்றில், மைனஸ் 47.5 என்று வைத்துக்கொள்வோம், மைனஸ் 62 வாயு 1000 பிபிபி சேர்ந்தால் கலவை மைனஸ் 52.5தான் காட்டும். எனவே கூடியும் குறைந்தும் செறிவுள்ள பல மாதிரிகள் வேண்டும். செறிவின் தலைகீழ் எண்ணை, அதாவது ஒன்றைச் செறிவால் வகுத்ததை, கிடை அச்சிலும் ஐசோடோப்பு மதிப்பை நிலை அச்சிலும் குறித்து நேர்கோடு இழுத்தால், அது நிலை அச்சை வெட்டும் இடமே மூலத்தின் அடையாளம். இதற்குக் கீலிங் வரைபடம் என்று பெயர். கூடுதல் வாயு வெறும் 50 பிபிபி என்றால், கருவியில் 0.1 பிழை இருந்தாலே மூலத்தின் எண் நான்கு வரை தள்ளிப்போகும். அதனால்தான் காற்றசைவில்லாத விடியற்காலையில், இரவெல்லாம் தேங்கிய வாயு கலைவதற்கு முன் குடுவையை நிரப்புகிறார்கள். பக்கத்தில் வண்டி எஞ்சின் ஓடக்கூடாது.

ஆய்வகத்தில் வேறு தொல்லைகள். மீத்தேனை எரித்து கார்பன் டை ஆக்சைடாக்கித்தான் நிறைமானியில், அதாவது மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்தெண்ணும் கருவியில், 44 (கார்பன்-12 உள்ளது), 45 (கார்பன்-13 உள்ளது) ஆகிய நிறைகளை அளக்கிறோம். காற்றில் முன்பே இருக்கும் கார்பன் டை ஆக்சைடோ மீத்தேனைப்போல் 200 மடங்குக்கு மேல். அதை முதலில் அடியோடு நீக்க வேண்டும். அப்புறம் கிரிப்டான். கண்ணுக்கே தெரியாத இந்த வாயு காற்றில் மீத்தேனில் பாதிக்கு மேல் இருக்கிறது. நிறைமானிக்குள் இரட்டை மின்னேற்றம் பெற்ற கிரிப்டான்-86, நிறை 43 போல் தோன்றி, அதன் குறியின் ஓரம் பக்கத்து எண்களான 44, 45இலும் விழும். மீத்தேனை எரிக்கும் உலையைத் தாண்டி, வாயுக்களைப் பிரிக்கும் குழாய் இன்னொன்று வைத்து அதை ஒதுக்காவிட்டால் விடை கோணலாகும். களத்தில் வைக்கும் லேசர் கருவிக்கு மீத்தேனின் உறவுக்கார வாயுவான ஈத்தேன் எதிரி, அளவைக் குழப்பிவிடும். எரிவாயுக் கசிவில் ஈத்தேன் பெரும்பாலும் இருக்கும் என்பதால், திருத்தம் செய்யாத அளவை நம்பக்கூடாது.

இந்த எண் குடும்பப் பெயரைத்தான் சொல்லும், வீட்டு முகவரியைச் சொல்லாது. மாட்டுக்கு வைக்கோலுக்குப் பதில் மக்காச்சோளத் தட்டை போட்டாலே எண் பத்துக்குப் பக்கம் மாறும். சில நிலக்கரிப் படுகைகளின் வாயு நுண்ணுயிர் உண்டாக்கியது. அது மைனஸ் 60 காட்டும்போது சதுப்பு நிலத்தோடு குழம்பும். ஹைட்ரஜன் ஐசோடோப்பையும் சேர்த்து அளந்தால் ஓரளவு பிரிக்கலாம்.

உலக அளவில் கிடைத்த சேதியும் உண்டு. 2007 முதல் மீத்தேன் மீண்டும் ஏறுகிறது. அதே காலத்தில் கார்பன்-13 இறங்குகிறது. எரிவாயுக் கசிவு மட்டுமே காரணமாக இருந்தால் கார்பன்-13 ஏறியிருக்க வேண்டும். இதனால் கசிவு குறைந்துவிட்டது என்று ஆகிவிடாது. நுண்ணுயிர் மூலங்கள் அதைவிட வேகமாகக் கூடியிருக்கின்றன என்று கொள்வதே பொருத்தம்.