உப்புக்காற்றுக்கு ஏற்ற வீடு: ராமநாதபுரம் கடற்கரையில் வீடு கட்டுவோருக்கு

[காட்சி: ஒரு வீட்டின் சன்ஷேடு, கீழிருந்து. சிமெண்டு உதிர்ந்த இடத்தில் கம்பி தெரிகிறது.]

இந்தச் சன்ஷேடு போட்டுப் பதினோரு ஆண்டுகள்தான் ஆகின்றன. இது மண்டபம் ஊருக்கு அருகில் உள்ள என் சித்தப்பாவின் வீடு. அடிப்புறத்தில் சிமெண்டு பாளம் பாளமாகப் பெயர்ந்து, உள்ளே இருக்கும் எட்டு மில்லிமீட்டர் கம்பி துருவேறி ஏடு ஏடாக உரிந்திருக்கிறது. விரலால் நெம்பினால் துண்டு கையோடு வந்துவிடும். கட்டிய மேஸ்திரியின் மேல் சித்தப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால், லாரித் தண்ணீருக்குச் செலவாகிறதே என்று மனையிலிருந்த உப்புப் போர்த் தண்ணீரிலேயே கலவை போடச் சொன்னவர் சித்தப்பாதான் என்பதைச் சித்தி மறக்கவில்லை.

இயற்கையோடு இசைந்த, உடலுக்கு நல்ல வீடு கட்ட விரும்பும் பலர் இப்போது லடாக்கிலும் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலும் இருக்கும் பாலைவன மண்வீடுகளின் படங்களைக் காட்டி, "நம்முடையதும் தண்ணியில்லாக் காடுதானே, இதையே இங்கே கட்டலாமா?" என்று கேட்கிறார்கள். தண்ணீரைப் பொறுத்தவரை அந்த ஒப்பீடு சரி. மற்ற எல்லாவற்றிலும் தவறு.

[காட்சி: லே நகரைச் சுற்றிய மலைச்சரிவு, தடித்த மண்சுவர் வீடுகள்.]

லே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஈரம் மிகக் குறைவு. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் குளிர் எலும்பைத் துளைக்கும். அங்கே ஒன்றரை அடி, இரண்டு அடி கனமுள்ள மண்சுவர் பகல் வெப்பத்தை மெதுவாக உறிஞ்சி வைத்துக்கொண்டு, இரவில் வீட்டுக்குள் விடுகிறது. லேக்கு அருகில் ஃபே கிராமத்தில் உள்ள செக்மோல் பள்ளி வளாகத்தை, இடித்துக் கெட்டித்த மண்சுவர்களோடும் தெற்கு நோக்கிய கண்ணாடிகளோடும் இந்த விதியின்படிதான் கட்டியிருக்கிறார்கள்.

பாம்பனிலோ இருபுறமும் கடல். பகலுக்கும் இரவுக்கும் வெப்பத்தில் சில டிகிரிதான் வேறுபாடு. காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். வெயிலில் காயும் கனத்த சுவர் இங்கே பகல் முழுவதும் வாங்கிய வெப்பத்தை, நாம் தூங்கப் போகும் நேரத்தில் நம் மேலேயே இறக்கும். மே மாதத்தில் இரவு பத்து மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நீரை ஆவியாக்கிக் குளிர்ச்சி தரும் ஏர்கூலரும் வறண்ட காற்றுக்கு ஏற்ற கருவியே. இங்கே அது அறையின் புழுக்கத்தையும் அலமாரியின் பூஞ்சணத்தையும் கூட்டுவதோடு சரி.

ஆகவே இக்கரையில் வீட்டைக் குளிர்விப்பவை நிழலும் காற்றும்தான்.

[காட்சி: தரையில் சுண்ணாம்புக் கோட்டால் வரைந்த வீட்டு வரைபடம்.]

கோடையிலும் அதைத் தொடர்ந்த மாதங்களிலும் காற்று பெரும்பாலும் தெற்கு, தென்மேற்குத் திசைகளிலிருந்து வருகிறது. ஐப்பசிக்குப் பிறகு வாடை வடகிழக்கிலிருந்து வீசுகிறது. எனவே இந்த இரு மூலைகளையும் இணைக்கும் கோட்டில் கதவுகளும் ஜன்னல்களும் ஒன்றையொன்று பார்த்திருந்தால், ஆண்டின் பெரும்பகுதி மின்விசிறியின் வேலை குறையும். அந்தக் கோட்டிலிருந்து விலகியிருக்கும் தென்கிழக்கும் வடமேற்கும் சமையலறைக்கு ஏற்றவை. புகையும் தாளிப்பு நெடியும் வீடு முழுவதும் பரவாது. அக்னி மூலை, வாயு மூலை என்று வாஸ்து பார்ப்பவர்கள் சொல்வதும் இவ்விரண்டு மூலைகளைத்தான். காரணம் வேறு என்றாலும், வீட்டில் ஒரு சண்டை குறையும்.

வெயிலின் கணக்கைப் பாலைவன வரைபடத்திலிருந்து எடுக்கக் கூடாது. நாம் ஏறத்தாழ 9 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறோம். டிசம்பரில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு மேலிருந்து 33 டிகிரி தெற்கே சாய்கிறது. ஜூனில் 14 டிகிரி வடக்கே போகிறது. நான்கடி உயரத் தெற்கு ஜன்னலுக்கு மேல் இரண்டரை அடி வெளியே நீளும் மறைப்பு இருந்தால், டிசம்பர் உச்சிவெயிலும் உள்ளே விழாது. வடக்கு ஜன்னலுக்கு ஓரடி போதும். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்வாக வந்து நேரே கண்ணில் அடிப்பதால் எந்தச் சன்ஷேடும் உதவாது. அந்தப் பக்கங்களில் ஜன்னலைக் குறைத்து, மேற்கில் குளியலறை, சாமான் அறை, மாடிப்படி ஆகியவற்றை வைத்து, முடிந்தால் ஒரு தாழ்வாரமும் இறக்குங்கள். கீழக்கரையின் பழைய வீடுகளில் முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் ஓடுவதைப் பார்த்தவர்கள், அதை அழகுக்காக மட்டும் வைத்ததாக எண்ண மாட்டார்கள்.

வெப்பம் மிகுதியாக இறங்கும் வழி மொட்டைமாடி. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டித்து, அதன்மேல் தட்டோடு பதித்து, ஆண்டுக்கொரு முறை வெள்ளை அடித்தால் கீழே உள்ள அறையில் வேறுபாடு நன்றாகத் தெரியும்.

[காட்சி: பழைய பாம்பன் ரயில் பாலமும் அதன் அருகே புதிய பாலமும்.]

இனி உப்பு. பாலைவனத்துக்காரருக்கு இல்லாத கவலை இது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு ஒரு நூற்றாண்டாகச் சாயம் பூசிப் பூசியே காலம் தள்ளினார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் உயர்தரப் பாதுகாப்புப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வீட்டுக்கு அவ்வளவு செலவு செய்ய முடியாது. ஆனால் பாலத்தைத் தின்ற காற்றுதான் வீட்டையும் தின்கிறது.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு நுண்துளைகள் வழியே கம்பியை எட்டியதும் அந்தக் காப்பு உடைகிறது. துரு, இரும்பு இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்பதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கலவைத் தண்ணீரிலேயே உப்பு இருந்தால் அது எங்கிருந்தும் வர வேண்டியதில்லை. முதல் நாளே உள்ளே குடியேறிவிடும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கடல்நீரில் அது ஏறத்தாழ 19,000. கடற்கரைக் காற்று படும் இடங்களுக்கு அதே தரநிலை, குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டும், கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனமான 'கவர்' 45 மில்லிமீட்டரும் கேட்கிறது. மூன்றங்குலச் சன்ஷேடில் மேலும் கீழும் 45 மில்லிமீட்டர் விட இடமே கிடையாது. எனவே இக்கரையில் மெல்லிய கான்கிரீட் சன்ஷேடு போடுவதே வீண் என்பது என் கருத்து. மரச்சட்டத்தில் சாய்வாக ஓடு வேய்ந்த சார்ப்பு பழுதானாலும், ஓடுகளை மாற்றினால் போதும்.

பனைமரத்தை அறுத்த சட்டங்களான பனங்கைகள் இதற்கு மிக ஏற்றவை. வைரம் பாய்ந்த பனைக்கு உப்புக்காற்று பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆனால் நிற்கும் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். இடிக்கும் பழைய வீடுகளிலிருந்து வாங்குவதே முறை.

[காட்சி: தனுஷ்கோடி தேவாலயத்தின் இடிபாட்டுச் சுவர்.]

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் தேவாலயச் சுவரை அருகில் சென்று பார்த்தால், தேன்கூடு போன்ற துளைகள் தெரியும். அது பவளப்பாறைக் கல். முன்னோர் கட்டியதுதானே என்று இன்று அதைத் தேட வேண்டாம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கிறது, மன்னார் வளைகுடாவும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சுண்ணாம்புப் பூச்சைத்தான். அது சுவரின் ஈரத்தை வெளியே விடும். நெருக்கமான சிமெண்டுப் பூச்சுக்குள் மாட்டிய உப்பு, பூத்துப் பூத்துச் சுவரைப் பொரியவைக்கும்.

[காட்சி: மணலில் தோண்டிய ஊற்று. ஒருவர் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்.]

தனுஷ்கோடி மணலில் கடலுக்குச் சில நூறு அடி தள்ளித் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுவதைப் பார்த்து வெளியூரார் வியக்கிறார்கள். மழைநீர் உப்புநீரை விட எடை குறைந்தது. மணலுக்குள் அது உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது பரவியிருக்கும். ஆழப் போர் போட்டு வேகமாக இறைத்தால் மேல்மட்டம் இறங்கி, அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். அப்படிக் கெட்ட போர்களை மீட்க ஆண்டுகள் ஆகும். கையால் மொள்ளும் அளவுக்குத்தான் அந்த மணல் தரும்.

ஆகவே கூரையிலிருந்தே தொடங்குங்கள். இம்மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர், பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் அது 74,000 லிட்டருக்குச் சற்று மேல். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 59,000 லிட்டர் மிஞ்சும். நால்வர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லிட்டர் என்று வைத்தால், ஆண்டு முழுவதற்கும் சுமார் 9,000 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் நிலத்தடித் தொட்டி ஒன்று போதும். முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்றும் குழாயும், கொசு புகாத வலையும் கட்டாயம். மீதி மழையை மணலுக்குள் இறக்குங்கள்.

மழை குறைந்த ஊர் என்று தரைமட்டத்தைத் தாழ்த்திவிடவும் கூடாது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, ஆண்டு மழையில் பாதி.

சூரியத் தகடு பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வெயில் தாராளம். தகட்டைவிட அதைத் தாங்கும் சட்டமும் போல்ட்டும் முதலில் துருப்பிடிக்கும்; அவை எதனால் ஆனவை என்பதை மட்டும் விற்பவரிடம் கேட்டு வையுங்கள்.

[காட்சி: மீண்டும் சித்தப்பாவின் வீடு.]

சன்ஷேடை இப்போது இடித்து எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் பழைய பனங்கை சாத்தி, ஓடு வேய்ந்து சார்ப்பு இறக்குகிறார்கள். தாங்குதூணின் அடியில் போடும் கான்கிரீட்டுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. சித்தி முதலில் ஒரு டம்ளரில் பிடித்து வாயில் வைத்துப் பார்த்தார். துப்பவில்லை. அதன் பிறகுதான் கலவைக்கு விட்டார்.