15 வெள்ளிக்காசும் சந்தா பாக்கியும்

மேடையில் வீற்றிருக்கும் சேகர குரு ஐயா அவர்களே, செயலர் அவர்களே, வேறு மதத்தவராக இருந்தும் ஆண்டுதோறும் நம் அசன விருந்துக்கு அரிசி மூட்டை அனுப்பிவைக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்திய பெண்கள் சங்கத்தாரே, விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் தம்பிமாரே, அனைவருக்கும் ஸ்தோத்திரம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சே மன்னிப்பைப் பற்றியதுதான்.

மூன்று குறிப்புகள்: ஓசியாவின் வீடு, ஆண்டவரின் கோபம், திரும்பி வரும் வழி.

ஓசியா தீர்க்கதரிசி கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரவேலில் வாழ்ந்தவர். இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட செழிப்பான காலம். விளைச்சலைத் தந்தவர் ஆண்டவர். நன்றி மட்டும் பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்குப் போயிற்று. அப்போதுதான் கோமேரை மணக்கிறார் ஓசியா. அந்த ஜனத்துக்கு எச்சரிப்பாக ஆண்டவர் சொன்னபடி, மகளுக்கு லோருகாமா, இரக்கம் பெறாதவள் என்று பெயர். இளையவனுக்கு லோகம்மீ, என் ஜனமல்ல. அந்தப் பெயர்களைச் சொல்லித் தெருவில் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாருங்கள்!

ஓசியாவின் புத்தகம் 3ஆம் அதிகாரத்தில், தன்னை விட்டு விலகிப்போனவளை 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து அழைத்து வருகிறார். அவள் கோமேர்தான் என்றே நான் வாசிக்கிறேன். வேதத்தின் யாத்திராகமப் புத்தகத்தில், மாடு முட்டிச் செத்த அடிமைக்கு ஈடு 30 வெள்ளி. இவர் கையில் பாதிதான் இருந்தது போலும். மீதிக்குக் குதிரில் இருந்ததை அள்ளிக்கொண்டு போயிருப்பார். "பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்பார்கள். எப்பிராயீமை, அதாவது இஸ்ரவேல் ஜனத்தைக் கைபிடித்து நடக்கப் பழக்கியதை நினைத்து 11ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் புலம்புகிறாரே, அது பித்துதான்.

எங்கள் ஊரில் பனையோலைப் பெட்டி முடைந்து விற்கும் பாட்டி ஒருத்தி இருந்தாள். மகன் சண்டை போட்டு, "எனக்குத் தாயும் இல்லை, கோயிலும் இல்லை" என்று பம்பாய்க்கு ரயிலேறினான். கடிதம் இல்லை, காசு இல்லை. பாட்டியோ மாதந்தோறும் முந்தானையில் முடிந்த சில்லறையோடு சபைச் சந்தா கட்டக் கோயில் கணக்கரிடம் போவாள்.

"இது எனக்கு, இது அவனுக்கு."

"ஊரிலேயே இல்லாதவனுக்கு எதற்குப் பாட்டி சந்தா?"

"பெயர் எழுதியிருக்கிறதா இல்லையா? ரசீது போடு."

அவன் பெயருக்கு முன்னால் 'திரு' இல்லாவிட்டால் ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்! மழை மாதத்தில் ஓலை காயாது. அப்போது முட்டை விற்றுக் கட்டினாள். இப்படி 11 ஆண்டுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான், தாடியும் இருமலுமாக. உள்ளே வரக் கூசி வேப்பமரத்தடியில் நின்றான். கணக்கர் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு போய், "பாக்கி ஒன்றும் இல்லை, வா" என்றார். கணக்குப் புத்தகத்தைப் பார்த்து ஒருவன் தேம்பி அழுததை அன்றுதான் கண்டேன். பெற்ற மனம் பித்து!

அப்படி ஒரு பாட்டி இல்லாதவன் என்ன செய்வான்? ஒரு சபையில், பெயர் வேண்டாம், 9 ஆண்டு சந்தா பாக்கி என்று ஒருவரின் உடலைக் கல்லறைத் தோட்ட வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மகள் வளையலை அடகு வைத்துக் கட்டிய பிறகே குழி வெட்டினார்கள். ஓசியா கொடுத்து மீட்டார். நாம் வாங்கிக்கொண்டு புதைக்கிறோம். சந்தாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோயிலுக்கு வெள்ளையடிக்கக் காசு வேண்டும். பிணத்திடம் கேட்காதீர்கள் என்கிறேன்.

இரண்டாவது குறிப்பு, ஆண்டவரின் கோபம். செயலர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். சாம்பார் மணமும் வந்துவிட்டது. 13ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, திரும்பி வரும் வழி. இழவு வீட்டில் பாக்கி கேட்பதில்லை என்ற தீர்மானத்தைப் பொதுக்கூட்டத்தில் வைக்க 25 கையெழுத்து வேண்டும், 14 சேர்ந்திருக்கிறது. பந்திக்குப் போகும் வழியில், கை கழுவும் இடத்துக்கு முன்னால் மேசையில் நோட்டு இருக்கிறது. கை ஈரமாவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.