எதிரிக்கும் பிடித்துப்போன நாரை

[காட்சி: புல்தரையில் நிற்கும் சிறு விமானம். காமிரா சக்கரங்களை நெருங்குகிறது.]

இந்தக் கால்களைப் பாருங்கள். ஒல்லியாக, நீளமாக. மேலே எழும்பியதும் இன்னும் கொஞ்சம் கீழே தொங்கும். ஜெர்மன் மொழியில் இதன் பெயர் ஷ்டோர்ஷ். நாம் செங்கால் நாரை என்கிறோமே, அதே பறவைதான்.

ஜெர்மனியின் ஃபீஸ்லர் கம்பெனி செய்த இந்த விமானத்தின் மாடல் எஃப்ஐ 156, முதலில் பறந்தது 1936இல். எஞ்சின் 240 குதிரைத்திறன். இதன் வித்தை வேகத்தில் இல்லை, நிதானத்தில் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர், அதாவது ஒரு டவுன் பஸ் வேகத்திலும் கீழே விழாமல் பறக்கும்.

[காட்சி: இறக்கையின் முன்விளிம்பு, மிக நெருக்கத்தில்]

எப்படி? இறக்கையின் முன்விளிம்பு நெடுக ஓர் ஒடுக்கமான பட்டை ஓடுகிறது. பட்டைக்கும் இறக்கைக்கும் நடுவே ஓர் இடுக்கு. மூக்கைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் போகும்போது, அந்த இடுக்கு வழியே சீறி வரும் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டு விலகாமல் ஒட்டியே ஓடும். எதிர்க்காற்று கொஞ்சம் இருந்தால் போதும், இறங்கி 20 மீட்டருக்குள் நின்றுவிடும்.

இப்படி ஒரு வண்டியை யார் விடுவார்கள்? இத்தாலி, ருமேனியா, ஹங்கேரி போன்ற, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் கூட்டாளிகள் வாங்கினார்கள், சரி. நடுநிலை நாடான ஸ்வீடனும் வாங்கியது. சோவியத் ஒன்றியம் ஒரு படி மேலே போய், விமான வடிவமைப்பாளர் ஒலெக் அன்டோனவிடம் இதேபோல ஒன்றைச் செய்யச் சொன்னது. பெயர் ‘ஆயிஸ்ட்’. ரஷ்ய மொழியில் அதுவும் நாரைதான்! லிதுவேனியாவின் கவுனாஸ் ஆலையில் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1941 ஜூனில் ஜெர்மன் படை உள்ளே புகுந்துவிட்டது. அதோடு சரி.

போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியா செய்ததற்குப் பெயர் ‘சாப்’. மறுபடியும் நாரை. பிரான்ஸ் மட்டும் ‘கிரிக்கே’, வெட்டுக்கிளி என்று மாற்றிக்கொண்டது. ஜெர்மானியர்கள் ஆக்கிரமிப்புக் காலத்தில் தங்களுக்காக ஓட்டிய மொரான்-சோல்னியே ஆலையிலேயே அதைத் தொடர்ந்து செய்து, வியட்நாம் பக்கம் நடந்த இந்தோசீனப் போருக்கும் அனுப்பியது.

பிரிட்டிஷ்காரர்கள் செய்யவில்லை, பிடித்துக்கொண்டார்கள். விமானப்படைத் தளபதி ஹாரி பிராட்ஹர்ஸ்ட் கைப்பற்றிய ஷ்டோர்ஷைச் சொந்தக் கார் மாதிரி வைத்துக்கொண்டார். 1944இல் நார்மண்டியில் சர்ச்சிலையே அதில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார். ஹிட்லரின் விமானத்தில் சர்ச்சில்!

[காட்சி: பனிமலை, வெள்ளை வெளி]

ஆனால் எனக்குப் பிடித்தது சுவிஸ் கதை. 1946 நவம்பரில் ஓர் அமெரிக்க டகோட்டா விமானம், 12 பேரோடு கவுலி பனியாற்றில் மோதி நின்றது. உயரம் 3,000 மீட்டருக்கு மேல். உள்ளே ஒரு பதினொரு வயதுச் சிறுமியும் இருந்தாள். ஒருவரும் சாகவில்லை, ஆனால் இறங்கவும் வழியில்லை. நவம்பர் 24 அன்று சுவிஸ் விமானிகள் விக்டர் ஹூக், பிஸ்டா ஹிட்ஸ் இருவரும் பனிச்சறுக்குக் கட்டை மாட்டிய இரண்டு ஷ்டோர்ஷ்களைப் பனியாற்றின் மேலேயே இறக்கினார்கள். விமானியைத் தவிர ஓரிருவர்தான் உட்கார முடியும். அதனால் நடை நடையாக அடித்து, 12 பேரையும் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள்.