டெய்லர் ஸ்விஃப்ட்டுக்காக முட்டிக்கொண்ட நாடுகள்! சிங்கப்பூர் போட்ட ஒப்பந்தம் என்ன?

ஒரு பாடகி எந்த ஊரில் பாட வேண்டும் என்பதற்காக ஒரு நாட்டின் பிரதமர் பக்கத்து நாட்டின் ஒப்பந்தத்தை மேடையில் போட்டு உடைத்தார். மூன்றாவது நாட்டின் எம்.பி. ஒருவர், இதற்கு அரசு முறைப்படி எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும் என்று கிளம்பினார். கடைசியில் சிங்கப்பூர் பிரதமரே செய்தியாளர்கள் முன்னால், ஆமாம், நாங்கள்தான் ஊக்கத்தொகை கொடுத்தோம் என்று ஒப்புக்கொண்டார். இதெல்லாம் 2024-ல் நிஜமாகவே நடந்தது மக்களே. கடைசிவரை பாருங்கள், ஏனென்றால் இது பாட்டைப் பற்றிய வீடியோ என்று நினைத்து உள்ளே வந்தால் வேறு எங்கோ போய் நிற்கும்.

முன்கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் உலகக் கச்சேரிப் பயணமான ஈராஸ் டூர், 2023 மார்ச் 17-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஆரம்பித்து 2024 டிசம்பர் 8-ல் கனடாவின் வான்கூவரில் முடிந்தது. 149 கச்சேரிகள், 51 நகரங்கள், ஐந்து கண்டங்கள். ஒரு கச்சேரி மூன்று மணி நேரத்துக்கு மேல், நாற்பதுக்கும் அதிகமான பாட்டுகள். டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள் 1 கோடியே 1 லட்சத்துக்கும் மேல், டிக்கெட்டில் மட்டும் வசூல் 207 கோடி அமெரிக்க டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு டிக்கெட் சராசரியாக 204 டாலர். அதற்கு முன்னால் சாதனை பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜானுடையது, அவர் 330 கச்சேரிகள் நடத்தி 94 கோடி டாலருக்குப் பக்கத்தில் வந்திருந்தார். பாதிக்கும் குறைவான கச்சேரிகளில் இவர் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டார். சரி, முன்கதை முடிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

(திரையில் தென்கிழக்கு ஆசிய வரைபடம்)

இந்த வரைபடத்தைப் பாருங்கள். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம். இந்த வட்டாரத்தில் 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் சேர்த்து ஈராஸ் டூர் வந்த ஒரே ஊர் சிங்கப்பூர். முதலில் மூன்று இரவுகள் என்றுதான் அறிவித்தார்கள். முன்பதிவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 2 கோடியே 20 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகையே 60 லட்சம்தான்! மூன்று இரவுகள் ஆறாகின. யூஓபி வங்கி அட்டை வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே டிக்கெட் என்றதும் அந்த அட்டைக்கு விண்ணப்பங்கள் குவிந்தன, பொது விற்பனைக்கு முந்தைய இரவு அஞ்சலகங்களின் வாசலில் ஜனங்கள் பாய் விரித்துப் படுத்தார்கள். மரினா பே சேண்ட்ஸ் ஓட்டல் 50,000 சிங்கப்பூர் டாலருக்கு ஒரு தொகுப்பு போட்டது: நான்கு விஐபி டிக்கெட், மூன்று இரவு சொகுசு அறை, போக வர கார். அதுவும் விற்றுத் தீர்ந்தது.

அதுவரை எல்லோரும், சின்ன நாடு, நல்ல விமான நிலையம், அதனால் அங்கே வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2024 பிப்ரவரியில் பாங்காக்கில் ஒரு வணிகக் கூட்டம். தாய்லாந்தின் அன்றைய பிரதமர் ஸ்ரெத்தா தவிசின் பேசுகிறார். அவர் அரசியலுக்கு வருவதற்கு முன்னால் ரியல் எஸ்டேட் பெருமுதலாளி, ஒப்பந்தங்களின் நெளிவு சுளிவு தெரிந்த மனிதர். கச்சேரி ஏற்பாட்டாளர்கள் தரப்பே தன்னிடம் சொன்னதாகச் சொல்லி விஷயத்தை உடைத்தார்: ஒரு கச்சேரிக்கு 20 முதல் 30 லட்சம் அமெரிக்க டாலர் வரை சிங்கப்பூர் அரசு கொடுக்கிறதாம், பதிலுக்கு இந்த வட்டாரத்தில் வேறு எந்த நாட்டிலும் பாடக் கூடாதாம். அந்தக் கணக்குப்படி ஆறு இரவுக்கு 1.2 கோடி முதல் 1.8 கோடி டாலர் வரை வரும்.

சிங்கப்பூர் என்ன சொன்னது தெரியுமா? பயணத்துறைக் கழகத்திலிருந்து மானியம் கொடுத்தது உண்மை, ஆனால் வெளியில் பேசப்படும் அளவுக்குப் பெரிய தொகை இல்லை, வணிக ரகசியம் என்பதால் எவ்வளவு என்று சொல்ல மாட்டோம். அவ்வளவுதான். இன்றுவரை அந்தத் தொகையை அவர்கள் வெளியிடவில்லை.

அப்புறம் பிலிப்பைன்ஸ். அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஜோயி சால்செடா, நல்ல அண்டை நாடு செய்கிற வேலையா இது, நம் வெளியுறவுத் துறை எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும் என்றார். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. மணிலாவுக்குப் பக்கத்திலேயே 55,000 பேர் உட்காரக்கூடிய பிரம்மாண்டமான உள்ளரங்கம் ஒன்று கூரையோடு இருக்கிறது. டெய்லர் ஸ்விஃப்ட்டும் முன்பு மணிலாவில் பாடியிருக்கிறார். ஆங்கிலப் பாட்டை மனப்பாடமாகப் பாடுகிற ரசிகர்கள் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் விமானச் செலவு போட்டு சிங்கப்பூர் போக வேண்டும் என்றால் வயிறு எரியாதா?

மார்ச் 5-ம் தேதி, சிங்கப்பூரில் மூன்று இரவுகள் முடிந்து மூன்று பாக்கி இருந்த நேரம். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானும் ஆஸ்திரேலியாவும் கூடிய மாநாட்டுக்காக சிங்கப்பூரின் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் மெல்போர்னில் இருந்தார். ஆஸ்திரேலியப் பிரதமர் பக்கத்தில் நிற்கும்போதே கேள்வி வந்தது. லீ மழுப்பவே இல்லை. சுற்றுலா வளர்ச்சி நிதியிலிருந்து சில ஊக்கங்கள் கொடுத்தோம், தென்கிழக்கு ஆசியாவில் சிங்கப்பூரில் மட்டும் என்று ஒப்பந்தம் ஆனது, அது நல்ல பலன் தந்தது, இதை நட்புக்கு விரோதமான செயலாக நான் பார்க்கவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டார். எனக்கு அவரிடம் பிடித்தது அந்த நேர்மைதான். அரசுப் பணத்தைச் செலவு செய்தவர், ஆமாம், செய்தேன், இதற்காகச் செய்தேன் என்று சொல்வது எத்தனை ஊர்களில் நடக்கிறது?

சரி, லாபம் வந்ததா? ஒரு ஊரில் தேர் இழுத்தால் வளையல் கடைக்காரர், இளநீர்க்காரர், சத்திரம் வைத்திருப்பவர், பேருந்துக்காரர் எல்லோருக்கும் அந்த வாரம் காசு. ஆனால் பக்கத்து ஊர்களிலும் அதே வாரம் தேர் ஓடினால் வெளியூர்க் கூட்டம் வராது இல்லையா? சிங்கப்பூர் காசு கொடுத்தது தேருக்கு மட்டும் கிடையாது, பக்கத்து ஊர்களில் தேர் ஓடாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான். மேபேங்க் வங்கியின் பொருளாதார நிபுணர்கள் போட்ட மதிப்பீட்டில் ஆறு இரவுகளால் சிங்கப்பூருக்கு வரக்கூடிய சுற்றுலா வருமானம் 35 கோடி முதல் 50 கோடி சிங்கப்பூர் டாலர். மதிப்பீடுதான், கல்வெட்டு இல்லை. ஆனால் அதில் பாதி வந்திருந்தாலும், ஸ்ரெத்தா சொன்ன பெரிய தொகையையே கொடுத்திருந்தாலும், போட்டது பல மடங்காகத் திரும்பிவிட்டது.

இங்கே இன்னொரு கதை இருக்கிறது, இதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 2014 ஜூனில் டெய்லர் ஸ்விஃப்ட் பாங்காக்கில் பாட வேண்டியது. டிக்கெட்டெல்லாம் விற்றாகிவிட்டது. மே 22-ம் தேதி தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, கச்சேரி ரத்து. ஒன்பது வருஷம் கழித்து, 2023 தேர்தலில் முதலிடம் பிடித்த கட்சியின் தலைவர் பிட்டா லிம்ஜாரோன்ராட் ட்விட்டரில் நேராக டெய்லர் ஸ்விஃப்ட்டுக்கே எழுதினார்: அப்போது ராணுவப் புரட்சியால் நீங்கள் வர முடியவில்லை, இப்போது தாய்லாந்து ஜனநாயகத்துக்குத் திரும்புகிறது, வாருங்கள் என்று. பிறகு என்ன ஆனது? ராணுவம் நியமித்த செனட் சபையின் ஆதரவு கிடைக்காததால் பிட்டாவால் பிரதமர் ஆக முடியவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் ஸ்ரெத்தா. ஒரு கச்சேரி ஒரு ஊருக்கு வரவில்லை என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் ஒரு நாட்டின் பத்து வருஷ அரசியல் இருக்கிறது. அந்த ஊர் ரசிகர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பாவமாக இருக்கிறது.

ஆனால் காசு மட்டும் கொடுத்தால் வந்துவிடுவார்களா? வர மாட்டார்கள். காலாங்கில் இருக்கும் சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கத்தைப் பாருங்கள்.

(திரையில் அரங்கின் கூரை மூடும் காட்சி)

310 மீட்டர் அகலம், உள்ளே ஒரு தூண் கிடையாது, மேலே திறந்து மூடும் கூரை. மழை வந்தாலும் கச்சேரி நிற்காது. இருக்கைகளுக்கு அடியிலிருந்து குளிர்ந்த காற்று வரும். வாசலில் இறங்கினால் எம்ஆர்டி எனும் மெட்ரோ ரயில் நிலையம், அதன் பெயரே ஸ்டேடியம்தான். 50,000 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வெளியே வந்தாலும் கலைந்து போக வழி இருக்கிறது.

இதெல்லாம் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் ரியோ டி ஜெனிரோவைப் பாருங்கள். 2023 நவம்பர் 17, பிரேசிலில் கொளுத்தும் வெயில் அலை. வெளியிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவர அனுமதி இல்லை என்று ரசிகர்கள் புகார் சொன்னார்கள். அன்றைய கச்சேரியில் மயங்கி விழுந்த ஒரு இளம்பெண் உயிரிழந்தார். மறுநாள் அரசு தலையிட்டு, தண்ணீர் கொண்டுவர அனுமதிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஒரு பாட்டில் தண்ணீருக்கு ஒரு அரசாங்கம் உத்தரவு போட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

அடுத்து நில அதிர்வு. ரசிகர்கள் குதித்ததில் நிலமே அதிர்ந்ததாமே என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள், அது உண்மைதான். 2023 ஜூலையில் சியாட்டிலில் நடந்த இரண்டு கச்சேரிகளும் பக்கத்தில் இருந்த நில அதிர்வுமானியில் 2.3 ரிக்டர் அளவு நடுக்கத்துக்கு இணையாகப் பதிவாகின. இரண்டு இரவுகளின் வரைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அப்படியே பொருந்தியிருக்கிறது, ஒரு இரவு கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்த இடைவெளியைத் தவிர. அதே பாட்டு வரிசை, அதே குதி! அடுத்த வருஷம் எடின்பரோவில் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் கருவிகள் 6 கிலோமீட்டர் தள்ளியும் அந்த ஆட்டத்தைப் பிடித்தன. வீடெல்லாம் இடிந்துவிடாது, பயப்படாதீர்கள்.

பாரிஸ் கணக்கும் ஒன்று இருக்கிறது. 2024 மே மாதம் அங்கே நடந்த கச்சேரிகளில் டிக்கெட் வாங்கியவர்களில் ஐந்தில் ஒருவர் அமெரிக்கர் என்று அரங்க நிர்வாகமே சொன்னது. அமெரிக்காவிலேயே நடந்த கச்சேரிக்கு ஏன் கடல் தாண்டி வர வேண்டும்? அங்கே மறுவிற்பனைச் சந்தையில் ஒரு டிக்கெட் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. பிரான்சில் அனுமதி இல்லாமல் டிக்கெட்டை மறுவிற்பனை செய்வதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. விமான டிக்கெட், ஓட்டல், கச்சேரி எல்லாம் சேர்த்தும் பாரிஸ் மலிவாக இருந்திருக்கிறது. கள்ள மார்க்கெட்டில் டிக்கெட் விற்பவன் ரசிகனின் சட்டைப்பைக்குள் கைவிடுகிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, சட்டம் போட்டால் அதைக் குறைக்க முடியும் என்பதற்கு இது கண்முன் சாட்சி.

இந்தியாவுக்கு ஈராஸ் டூர் வரவே இல்லை. சென்னையில் இருக்கும் ரசிகருக்கு இருந்ததிலேயே பக்கத்து ஊர் சிங்கப்பூர்தான், நான்கு மணி நேரச் சொச்ச விமானப் பயணம். போய்வந்தவர்கள் இந்த வீடியோவைப் பார்த்தால் உங்கள் அனுபவத்தைக் கண்டிப்பாக எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன். 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் இசைக்குழு கோல்ட்பிளே அகமதாபாத்தில் இரண்டு இரவு பாடியபோது ஒவ்வொரு இரவும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள், மும்பையிலிருந்து ரயில்வே சிறப்பு ரயிலே விட்டது. அதனால் இங்கே கூட்டம் வராது, யாரும் காசு கொடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்ற பேச்சு இனி எடுபடாது.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். நாளைக்கே ஒரு பெரிய கலைஞர், தெற்காசியாவில் ஒரே ஒரு ஊரில்தான் பாடுவேன் என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையா, பெங்களூரா, கொழும்பா, மும்பையா? கமெண்ட்டில் ஊர்ப் பெயரோடு நிறுத்தாதீர்கள். ராத்திரி 11 மணிக்குக் கச்சேரி முடிந்ததும் 60,000 பேர் அந்த அரங்கத்திலிருந்து எதில் ஏறி வீட்டுக்குப் போவார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.