காலேஜ் த்ரீ சதவீதத்தை வெச்சு ஷூட்டர்னு முடிவு பண்ணலாமா?

வணக்கம் மக்களே. என்பிஏ-னு சொல்ற அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்ல, டீம்கள் புதுப் பசங்களை வரிசையா தேர்ந்தெடுக்குற டிராஃப்ட் நெருங்கினாலே எல்லாரும் முதல்ல கேக்குறது, "பையன் காலேஜ்ல த்ரீ (கோட்டுக்கு வெளியேர்ந்து போடுற மூணு பாயிண்ட் ஷாட்) எத்தனை சதவீதம்?" அதைக் கடைசியா பாருங்கன்றதுதான் என் கட்சி.

2017 டிராஃப்டை எடுத்துக்கோங்க. லான்ஸோ பால், யூசிஎல்ஏ காலேஜ்ல ஆடினவர். 194 த்ரீ போட்டு 80 உள்ள போச்சு, 41.2 சதவீதம். அதே சீசன்ல ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காம நின்னு போடுற ஷாட், 98-க்கு 66, 67 சதவீதம்தான். கையோட நிஜமான தரத்தைப் பாக்க நான் இதையும் பாப்பேன். லேக்கர்ஸ் டீம் டிராஃப்ட்ல ரெண்டாவது ஆளா எடுத்தாங்க. என்பிஏ-ல முதல் வருஷமே த்ரீ 30.5, ஃப்ரீ த்ரோ 45.1!

194 ஷாட் ரொம்பக் கம்மிங்க. நிஜமாவே 35 சதவீதம் போடுற ஒருத்தர் 194 ஷாட் போட்டா, வெறும் அதிர்ஷ்டத்துலயே 28-லேர்ந்து 42 வரைக்கும் எங்க வேணா வந்து நிக்கலாம். 41.2 அதுக்குள்ளயே அடங்கிடுது. போதாததுக்கு, அன்னைக்கு காலேஜ் த்ரீ கோடு கூடையிலேர்ந்து 20 அடி 9 அங்குலம். என்பிஏ-ல 23 அடி 9 அங்குலம், கார்னர்ல மட்டும் 22 அடி. 2019-20-லதான் காலேஜ் கோட்டை 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளினாங்க. அதனால பழைய சதவீதத்தை இன்னைக்கு ஆடுற பையனோட அப்படியே ஒப்பிடாதீங்க.

ஃப்ரீ த்ரோவும் த்ரீயும் இப்படி எதிரெதிரா நின்னா, வீடியோவை மெதுவா ஓடவிட்டுப் பாருங்க. லான்ஸோ வலது கைக்காரர், ஆனா பந்தை முகத்துக்கு இடப்பக்கம் கொண்டுபோய் அங்கிருந்து எறிவார். வலப்பக்கம் டிரிபிள் பண்ணிப் போறப்போ டக்குனு நின்னு ஷாட் எடுக்கவே கஷ்டம். அப்புறம் தவறின ஷாட்டை எண்ணுங்க. குட்டையா விழுந்தா பெரும்பாலும் கால்ல பலம் தீர்ந்திருக்கும். இடமும் வலமும் மாறி மாறிப் போனா முழங்கையிலயோ, பந்தைப் பக்கவாட்டுல தாங்குற இன்னொரு கையிலயோ கோளாறு. எனக்கு இந்த ரெண்டாவதுதான் பெரிய கவலை.

இதுக்கு நேர்மாறா ஆண்டனி எட்வர்ட்ஸ். ஜார்ஜியா காலேஜ்ல 245 த்ரீ போட்டு உள்ள போனது 29.4 சதவீதம்தான். ஆனா ஃப்ரீ த்ரோ 77, ஒரு ஆட்டத்துக்கு ஏழு எட்டு த்ரீ தயங்காம போட்டவர். என்பிஏ-ல 2024-25 சீசன்ல 320 த்ரீ உள்ள போச்சு, 39.5 சதவீதம்.

அதுக்காக ஃப்ரீ த்ரோ ஒண்ணும் வேதவாக்கு இல்ல. லான்ஸோ நியூ ஆர்லியன்ஸ் டீமுக்குப் போய் ஷாட் போடுற விதத்தையே மாத்தினார். 2019-20-ல ஃப்ரீ த்ரோ 57-லயே கிடக்குறப்போ த்ரீ 37.5 ஆயிடுச்சு. ஃப்ரீ த்ரோ 78-க்கு ஏறினது அடுத்த சீசன்லதான்.